கறையானும் காலண்டரும்

சிதம்பரம் கோயிலில் மூவர் கை அடையாளம் இட்டுப் பூட்டிய ஓர் அறை. பாடியவர்களே வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னன் அப்பர், சம்பந்தர், சுந்தரர் திருவுருவங்களை ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. ஏடுகள் இருக்கவேண்டிய இடத்தில் கறையான் புற்று நிற்கிறது. எண்ணெயை ஊற்றிப் புற்றைக் கரைத்து, மிஞ்சிய ஏடுகளை எடுத்து நம்பியாண்டார் நம்பி தேவாரத்தைத் தொகுக்கிறார். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் ‘திருமுறை கண்ட புராணம்’ சொல்லும் செய்தி இது. அந்த மன்னன் ராஜராஜ சோழன் என்பது மரபு.

சம்பந்தர் பாடியவை பதினாறாயிரம் பதிகங்கள் என்பார்கள். இன்று கையில் இருப்பவை நானூற்றுக்கும் குறைவு. பழைய கணக்குகளுக்கே உரிய தாராளத்தை இதிலும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கதையின் நடுவே உள்ள செய்தியைக் கழிக்க முடியாது. பூட்டி முத்திரையிட்டு, பக்தியோடு காவல் காத்து, யாரும் உள்ளே எட்டிப் பார்க்காமல் விட்ட அறை அது. இருட்டு, ஈரம், ஆள் அரவம் இல்லாமை ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தால் கறையானுக்கு வேறென்ன வேண்டும்?

தமிழ்நாட்டு வீடுகளில் பூச்சியையும் எலியையும் தேடுவதற்கென்று தனித் தொழிலாளி இருந்ததில்லை. அந்த வேலையைப் பண்டிகைகளும் பருவங்களும் பங்குபோட்டு வைத்திருந்தன. சித்திரையில் கட்டிலும் தானியமும், ஆடியில் ஏடும் கூரையும், புரட்டாசி முடிவில் புத்தகமும் கருவியும், மார்கழிக் கடைசியில் மொத்த வீடும் என்று வருஷத்தில் நாலைந்து முறையாவது வீட்டின் ஏதோ ஒரு மூலை வெளிச்சத்துக்கு வந்தது. மருந்து என்று இருந்தவை சாம்பல், வேப்பிலை, வசம்பு, சுண்ணாம்பு போன்ற சுமாரான சரக்குகள்தாம். காரியத்தில் பாதியை முடித்தது பார்வை. பிறகு பிளேக் வந்தது, அரசாங்கம் வீட்டுக்குள் வந்தது, டி.டி.டி. வந்தது, கடைசியில் வருடாந்தர ஒப்பந்தம் போடும் கம்பெனிகள் வந்தன. மருந்து வலுக்க வலுக்கப் பார்க்கும் பழக்கம் மெலிந்தது.

முதலில் வெயில். பங்குனி, சித்திரையில் அறுவடை தானியமெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். பயறு வகைகளைத் துளைக்கும் வண்டு வீட்டில் பிறப்பதில்லை. காய் செடியில் இருக்கும்போதே வயலில் முட்டையிட்டு, மூட்டையோடு வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் தட்டப்பயறும் உளுந்தும் துவரையும் உள்ளே போகுமுன் முற்றத்திலும் களத்திலும் காய்ந்தன. காயும்போது கிளறிவிட வேண்டும். கிளறும்போது கண்ணில் படும். எது வண்டு குத்தியது, எது சொத்தை, எது விதைக்கு ஆகும் என்று அங்கேயே பிரிந்துவிடும். விதைத் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி உலர்த்துவது கரிசல் காட்டிலும் கொங்கிலும் வழக்கம். மண்பூச்சு இருந்தால் வண்டுக்குப் பருப்பின் தோலில் முட்டை ஒட்ட இடமில்லை. சமையலுக்கான துவரையை உடைத்துப் பருப்பாக்கி வைப்பதற்கும் ருசியைத் தாண்டி ஒரு காரணம் உண்டு. முழுப்பயறில் பெருகுவதுபோல அந்த வண்டு உடைத்த பருப்பில் பெருகுவதில்லை.

நெல்லுக்கு உமியே கவசம். ஆகவே நெல்லாகச் சேமித்து, தேவைக்கேற்பக் குத்திக்கொண்டார்கள். காவிரிப் பாசன ஊர்களில் பலகையால் செய்த பத்தாயம். தெற்கே மண்ணால் வனைந்த குலுக்கை. வேறு இடங்களில் குதிர். பெயரும் உருவமும் மாறினாலும் ஒரு பழக்கம் பொதுவாக இருந்தது. புது நெல் விழுமுன் பழையதை முழுக்க வழித்தெடுப்பார்கள். உள்ளே ஆளை இறக்கிக் கூட்டி, சாணம் மெழுகி, வேப்பிலையோ நொச்சியோ பரப்பி, அதற்குப் பிறகே நெல் கொட்டுவார்கள். வேப்பிலை எவ்வளவு காத்தது என்பதில் வாதம் இருக்கலாம். காலிசெய்து கூட்டியது காத்தது என்பதில் வாதமே இல்லை. அந்துப்பூச்சி ஓர் அறுவடையிலிருந்து அடுத்த அறுவடைக்குத் தாவுவது பெரும்பாலும் மூலையில் ஒட்டிக்கிடக்கும் பழைய நெல்லின் வழியாகத்தான்.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானியப் பூச்சிகளுக்கென உருவாக்கிய பொறி ஒன்றைப் பார்த்தால், இந்தப் பழைய புத்தி புதிய வடிவில் தெரியும். துளைகள் இட்ட குழாய் அது. நெல்லுக்குள்ளோ அரிசிக்குள்ளோ செருகி வைக்க வேண்டும். காற்றைத் தேடி அலையும் வண்டு துளைக்குள் நுழைந்து அடியிலுள்ள கூம்பில் விழுந்துவிடும். வண்டைப் பிடிப்பது அதன் ஒரு வேலை. வண்டு வந்துவிட்டது என்று வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்வது அதைவிடப் பெரிய வேலை. மருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை.

மூட்டைப்பூச்சிக்கும் கோடைதான் காலம். கத்திரி வெயிலில் கயிற்றுக் கட்டிலை வெளியே போட்டு, சட்டத்தின் துளைகளில் கொதிநீர் ஊற்றி, கயிற்றைத் தட்டுவது ஒரு தலைமுறைக்கு முன்புவரை சகஜமான காட்சி. மண்ணெண்ணெய் வந்தபின் கொதிநீரின் இடத்தை அது பிடித்தது. மெத்தை, தலையணை, பாய், சமுக்காளம் எல்லாம் மாடியேறும். சினிமாக் கொட்டகை நாற்காலிக்கும் ரயில் பெட்டிப் பலகைக்கும் மட்டும் இந்த வெயில் யோகம் இல்லை. தமிழ்ப் பத்திரிகைகளின் நகைச்சுவைப் பக்கங்களுக்குப் பல ஆண்டுகள் அதனாலேயே பஞ்சம் வரவில்லை.

வெயில் போனால் காற்று, பிறகு மழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஆகவே வீட்டுப் பராமரிப்பெல்லாம் ஐப்பசிக்கு முந்தியே முடிய வேண்டும். ஆடிக்காற்று கூரையைப் பிய்த்தால், ஆவணிக்குள் கீற்று மாற்றி, ஓட்டைத் திருப்பிப் போட வேண்டும். ஓடு மாற்ற ஏறுகிறவன் கைமரத்தைத் தட்டிப் பார்ப்பான். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கணீர் என்று சொல்லும். உளுத்தது பொத்தென்று சொல்லும். தச்சர்கள் காலங்காலமாகச் செய்துவந்த சோதனை இது ஒன்றுதான். இன்றைய பூச்சி நிபுணர் திருப்புளியின் பிடியால் கதவு நிலையைத் தட்டுவதும் அதே காதோடுதான்.

மரத்தை வெட்டுவதற்கே காலம் பார்த்தார்கள். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பதற்குச் சான்று தேடிப் போனால் சந்திரன் வரை போக வேண்டியிருக்கும். மூங்கில் விஷயம் வேறு. மூங்கிலில் மாவுச்சத்து பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது. துளைக்கும் வண்டு தேடுவது அந்த மாவைத்தான். மாவு குறைந்த பருவத்தில் வெட்டி, குளத்து நீரில் ஊறப்போட்டு எடுத்த மூங்கில் கூடுதல் காலம் தாங்குகிறது. செட்டிநாட்டார் பர்மாவிலிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்ததில் செல்வச் செருக்கும் இருந்தது, கணக்கும் இருந்தது. முற்றிய தேக்கின் வைரப்பகுதியைக் கறையான் எளிதில் தொடாது.

ஏட்டுக்குப் பனையோலைதான் கதி. அதற்குத் தேக்கின் பலம் இல்லை. மஞ்சள் பூசியும், வேப்பெண்ணெய் அல்லது எலுமிச்சம்புல் எண்ணெய் தடவியும், வசம்பை அருகில் வைத்தும் ஓலையைக் காத்தார்கள். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சுகளாகக் கட்டிச் சுவடிகளுக்கிடையே வைக்கும் முறை இருந்துவருகிறது. வாசம் போனால் முடிச்சை மாற்ற வேண்டும். மாற்றப் போகிறவர் கட்டைப் பிரித்தாக வேண்டும். சரஸ்வதி பூஜையில் வீட்டுப் புத்தகங்களை எல்லாம் இறக்கித் தூசு தட்டி அடுக்குவது, பெருமழைக்குச் சில வாரங்கள் முன்பு வருகிறது. இதற்காகவே முன்னோர் அந்தப் பூஜையை ஏற்படுத்தினார்கள் என்று சொல்லிவிடத் துடிப்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. நவராத்திரி நாடெங்கும் உள்ள பண்டிகை. அங்கெல்லாம் ஐப்பசி மழை இல்லை. பண்டிகை தன் காரணத்துக்காக வந்தது. புத்தகம் தன் அதிர்ஷ்டத்தால் பிழைத்தது.

எல்லா ஏட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பழுதான சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவது ஒரு புண்ணியமாகவே கருதப்பட்டது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகள் சிதிலமானதால் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்று கேட்டுத் திடுக்கிட்டதை உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து சென்னையில் பதிப்புப் பணி செய்த சி.வை. தாமோதரம் பிள்ளை, 1887இல் வெளியிட்ட கலித்தொகையின் பதிப்புரையில், தொட்டால் ஓரம் உதிர்ந்து புரட்டினால் முறியும் ஏடுகளைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். பல குடும்பங்களில் சுவடிக் கட்டு பூஜைப்பொருளாகி, பூ மட்டும் வைத்து வணங்கப்பட்டது. பிரிக்கவில்லை. சிதம்பரத்து அறையின் கதையே வீடுதோறும் சின்ன அளவில் நடந்திருக்கிறது.

மழை தொடங்கியதும் கறையானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். முதல் நல்ல மழைக்குப் பிந்தைய அந்தியில் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிறது. இருளர்களும் வேறு பல கிராமத்து மக்களும் விளக்கு வைத்து ஈசலைப் பிடித்து, வறுத்து, பொரியரிசியோடு கலந்து தின்பார்கள். தின்னாதவர்களுக்கும் ஈசல் ஒரு செய்தி. விளக்கடியில் வெளியிலிருந்து வந்து விழுந்த ஈசலென்றால் கூட்டித் தள்ளிவிடலாம். மூடிய அறைக்குள், நிலைப்படியின் விரிசலருகிலோ தரையின் ஓரத்திலோ சிறகுகள் கொத்தாகக் கிடந்தால் வீட்டுக்குள்ளேயே குடியிருப்பு இருக்கிறது என்று பொருள். புற்றுக்கும் நீருக்கும் உள்ள உறவைப் பழைய நூல்களும் கவனித்திருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளங்களில் ஒன்றாகக் கறையான் புற்றைச் சொல்கிறார். கிணறு தோண்டுகிறவருக்கு நல்ல சகுனமாக இருக்கும் ஈரம், வீடு கட்டுகிறவருக்குக் கெட்ட சகுனம்.

கார்த்திகை தீபத்தன்று முற்றம், கிணற்றடி, மாட்டுத்தொழுவம், நெல் அறை, குப்பைமேடு என்று எல்லா மூலையிலும் அகல் வைப்பார்கள். பூச்சிகளை அழிக்கவே இந்த ஏற்பாடு என்று ஆண்டுதோறும் ஒரு விளக்கம் கைப்பேசிகளில் சுற்றுகிறது. ஒரு மாலை நேரத்து அகல் எத்தனை பூச்சியை எரித்துவிடும்? ஆனால் வயல் வளையில் தண்ணீர் ஏறிப் பெருச்சாளியும் அதன் பின்னால் பாம்பும் வீட்டை நோக்கி வரும் பருவத்தில், வருஷமெல்லாம் போகாத மூலைக்கு யாராவது விளக்கோடு போனார்கள் என்பது உண்மை. எலிக்கு வைத்தது பெரும்பாலும் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் அந்தப் பொறி தஞ்சாவூர்க் கிட்டி என்றே பெயர் பெற்றது. வயல்களில் இன்றும் அதை வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

வருஷத்தின் பெரிய சோதனை போகி. மார்கழியின் கடைசி நாளுக்கு முன்பே பரண் இறங்கும், பத்தாயம் நகரும், சாமிப் படங்கள் சுவரை விட்டு வெளியே வரும். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உளுத்த முறம் எல்லாம் தீயில் போகும். இவைதாம் கரப்பானும் மூட்டைப்பூச்சியும் குடியிருந்த பொருள்கள். பிறகு சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கொங்கு வட்டாரத்திலும் வட மாவட்டங்களிலும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கூரை இறவாணத்தில் காப்புக் கட்டுவார்கள். இதெல்லாம் நடந்தபின் புது நெல் உள்ளே வரும். அந்த வரிசைதான் முக்கியம். இன்றைய போகியில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன, சென்னையில் விமானங்கள் புகைமூட்டத்தால் தாமதமாகின்றன, பரண் மட்டும் இறங்குவதில்லை.

1896இல் பம்பாயின் மாண்ட்வி வட்டாரத்தில் பிளேக் தெரியவந்தபோது வீட்டுச் சோதனை என்ற சொல்லுக்கு வேறொரு முகம் வந்தது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. புனேயில் ராணுவத்தை வைத்து வீடு வீடாகப் புகுந்து சோதித்த விதம் மக்களைக் கொதிக்க வைத்தது. அங்கே பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் அந்த ஆண்டு ஜூன் 22 இரவு சுடப்பட்டார். பம்பாயில் வெளிச்சம் விழட்டும் என்று வீடுகளின் ஓடுகளையே கழற்றினார்கள். சென்னை மாகாணத்தில் நோய் பரவிய இடங்களிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்து, குறிப்பிட்ட நாட்களுக்கு அதிகாரியிடம் ஆஜராகச் சொன்னார்கள்.

விந்தை என்னவென்றால், எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்பது அப்போது நிறுவப்படவில்லை. பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் செய்த சோதனையில் அதைக் காட்டினார், பலர் நம்பவில்லை. 1905இல் அமைக்கப்பட்ட பிளேக் ஆய்வுக் குழுவின் வேலைக்குப் பிறகே சந்தேகம் தீர்ந்தது. அதுவரை அதிகாரிகள் சுவரைக் கழுவினார்கள், தரையைக் கழுவினார்கள், நோயாளியைத் தூக்கிப் போனார்கள். எலியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. எலி செத்து விழத் தொடங்கியதுமே வீட்டைக் காலிசெய்துவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொள்வது இமயமலைக் குமாவோன் கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கமாக இருந்தது. அந்தக் கிராமத்தார் அதிகாரிகளைவிட நோயை நன்றாகப் படித்திருந்தார்கள்.

கோயம்புத்தூர், சேலம் பகுதிகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இருக்கின்றன. சென்னை நகரமோ பெரிய அடி வாங்காமல் தப்பியது. இதற்கு விடை தேடியவர் கொழும்பு நகரசபையில் நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட். கொழும்பு எலிகளின் மேல் இருக்கும் தெள்ளு, வடஇந்தியாவில் நோயைக் கடத்தும் கியோப்பிஸ் இனத்தைச் சேர்ந்ததல்ல, அஸ்டியா என்ற வேறு இனம் என்று கண்டார். சென்னையிலும் அஸ்டியாவே மிகுதி. அது பிளேக்கைக் கடத்துவதில் சோம்பேறி. கியோப்பிஸ் நிறைந்த உள்நாட்டு ஊர்களில் நோய் ஊன்றிக்கொண்டது. 1930களில் மதுரை மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் தனி ஆய்வே நடந்தது. எலியைப் பிடித்து, சீவி, ஓர் எலிக்கு எத்தனை தெள்ளு என்று எண்ணினார்கள். அந்த எண் ஏறினால் ஆபத்து அருகில் என்று கணித்தார்கள். வளைகளுக்குள் சயனைடு தூளைப் பம்பு வைத்து அடித்ததும் அந்தக் காலத்தில்தான். எண்ணிப் பார்த்துவிட்டு அடித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து கொசு. ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது பள்ளிப் பாடம். தமிழ்நாட்டுக் கதை மேட்டூர் அணைக்குப் பின் தொடங்குகிறது. 1934இல் அணை முடிந்து புதிய கால்வாய்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் தண்ணீர் கொண்டுபோனபோது மலேரியாவும் கூடவே போனது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் அங்கே தங்கி ஆராய்ந்து, பராமரிப்பில்லாத பாசனமே காரணம் என்று எழுதினார். கசிவு நீர் தேங்கும் பள்ளங்களே கொசுவுக்குத் தொட்டில். வீட்டுக்குள் பகலில் ஒளிந்திருக்கும் கொசுவைப் பைரித்திரம் கலந்த மருந்தால் கொல்லும் முறையையும் 1930களின் இறுதியில் அவர் குழுவினர் சென்னை மாகாணக் கிராமங்களில் சோதித்தார்கள். 1939இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், வளாகத்தில் கொசு வளரவிடக்கூடாது என்பதை வீட்டுக்காரர் கடமையாக்கியது. சோதிக்க வரும் அதிகாரிக்கு உரிமையும் கொடுத்தது.

சட்டம் தன் நடையில் நடக்கத் தொடங்குமுன் டி.டி.டி. வந்துவிட்டது. அதன் பூச்சிக்கொல்லும் குணத்தை 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு. இந்தியாவில் அப்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. காக்கி உடுப்பு, முதுகில் தெளிப்பான், சுவரில் சதுர மீட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் வெள்ளைத் திட்டு, தெளித்த தேதியை வாசல் சுவரில் அச்செழுத்தில் பதிக்கும் வழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து ‘வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?’ என்று கேட்டுப் போகும் பணியாளரும் இருந்தார். 1965 வாக்கில் நோயாளிகள் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு இறங்கியது. உலகமே வியந்த சாதனை இது, சந்தேகமில்லை.

ஆனால் சுவர் யாருடையது என்பதில் இரண்டு காலண்டர்கள் மோதிக்கொண்டன. தெளித்த மருந்து சில வாரங்கள் சுவரிலேயே இருந்தால்தான் வேலை செய்யும். வீட்டுப் பெண்களோ பண்டிகைக்கு முன் சுவரை மண்ணாலோ சாணத்தாலோ மெழுகுவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள். மருந்து அடியில் போய்விடும். இந்தியாவின் பல பகுதிகளிலும் மலேரியாத் துறை இதைப் பெரிய தொல்லையாகவே பதிவு செய்தது. இன்னொரு பக்கம் மூட்டைப்பூச்சி. தெளித்த முதல் சில முறைகளில் அதுவும் செத்தது. மக்கள் மகிழ்ந்து வரவேற்றார்கள். பிறகு அது மருந்துக்குப் பழகிக்கொண்டது. மூட்டைப்பூச்சி கூடுகிறது என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. கொசுவும் பழகியது, நிதி குறைந்தது, கண்காணிப்பு தளர்ந்தது. 1976இல் இந்தியாவில் மலேரியா நோயாளிகள் 64 லட்சம். சென்னையில் நோயைக் கடத்தும் ஸ்டெஃபன்சி கொசு குளம் குட்டைக்குப் பெரும்பாலும் போவதில்லை. கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் வளர்கிறது. மூடியைத் திறந்து பார்க்காமல் அதைப் பிடிக்க வழியில்லை.

கறையான் ஒழிப்பு ஒரு வியாபாரமானது இதே காலத்தில்தான். ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரவரைவு 1971இல் வந்தது. கட்டும்போது என்ன செய்ய வேண்டும், கட்டுமுன் மண்ணுக்கு மருந்து எப்படி இட வேண்டும், கட்டிய வீட்டில் எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று மூன்று பகுதிகள். ஆல்ட்ரின், ஹெப்டாக்ளோர், குளோர்டேன் போன்றவை அன்றைய ஆயுதங்கள். அவை மண்ணில் பல ஆண்டுகள் சாகாமல் இருந்தன. அதுவே அவற்றின் பெருமை. அதுவே பிறகு குற்றமும் ஆனது. 1990களில் இந்தியா அவற்றைத் தடை செய்தது. இன்று சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு ஊற்றும் மருந்துகளின் ஆயுள் குறைவு. அப்படியானால் பார்வை கூட வேண்டும்; நடைமுறையில் கூடவில்லை.

இதே தரவரைவின் மூன்றாம் பகுதி, எந்த மருந்தைத் தொடுமுன்பும் கட்டடத்தை முழுக்கச் சோதித்து, கறையான் ஏறும் வழியைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. துளை போடும் இயந்திரத்தோடு வந்து இரண்டு மணி நேரத்தில் கிளம்பும் ஆட்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பார்க்கலாம். ஆட்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அலமாரியைக் காலிசெய்து கொடுக்க மனமில்லாத வீட்டுக்காரர்தான் ‘சும்மா ஓரத்துல அடிச்சிட்டுப் போங்க’ என்கிறார்.

1958இல் கேரளத்தில் கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் கலந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததன் தொடர்ச்சியாக வந்தது 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். வீட்டுக்கு வந்து மருந்து அடிக்கும் நிறுவனம் உரிமம் பெற வேண்டும் என்ற ஏற்பாடு அதன் கீழ்தான் உள்ளது. உரிமம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

வீடு வீடாகப் பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டில் முழுவீச்சில் திரும்பியது டெங்குவால். ஏடிஸ் கொசு குடிநீர்க் குடம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று வீட்டின் நல்ல தண்ணீரிலேயே முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதனால் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் கொசுப்புழு தேடும் பணியாளர்களை அனுப்புகின்றன. பெரும்பாலும் பெண்கள், கையில் டார்ச், ஒரு கரண்டி, அபேட் மருந்துப் புட்டி. தொட்டியின் மூடியைத் தூக்கி, புழு நெளிகிறதா என்று பார்த்து, வாசலில் உள்ள அட்டையில் தேதி போட்டுப் போகிறார்கள். குறைந்த கூலிக்கு, பூட்டிய கேட்டுகளின் முன் காத்துநின்று, ‘எங்க வீட்டுல கொசுவே இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு இவர்கள் செய்யும் வேலை, புகை அடித்துக்கொண்டு தெருவில் போகும் வண்டியைவிடப் பலனுள்ளது. புகை, பறக்கும் கொசுவில் கொஞ்சத்தைக் கொல்லும்; தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

அவர்கள் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். பூச்சி ஒழிப்பு ஒப்பந்தம் போடுபவராக இருந்தால், முதல் வருகையில் மருந்து அடிக்க வேண்டாம், வீட்டைப் பார்த்து எங்கெங்கே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொடுங்கள் என்று கேளுங்கள். உரிம எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி பிறக்குமுன் கதவு நிலைகளின் அடிக்கட்டையைத் தட்டிப் பாருங்கள், சமையலறைத் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரியில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வரும் போகிக்கு எதையும் எரிக்க வேண்டாம். பரணை மட்டும் இறக்குங்கள்.